தொண்டை வரை வந்த பெயர்

“எடுல அத! இப்பமே எடு. நீ எடுக்கியா, இல்ல நான் இந்தப் பெட்டியத் தூக்கிக் கிணத்துல போடட்டுமா?”

“சார், முதல்ல உக்காருங்க சார்.”

“உக்காரவா? குவார்ட்டர்ஸ் பூரா என்னயப் பாத்துப் பல்லக் காட்டுது, இவன் எனக்கு நாற்காலி போடுதான்!”

“ஏன் சார் கோவப்படுதிய? முப்பது வருசமா ஒரு பொண்டாட்டி வாயத் திறந்து சொல்லாத புருசன் பேர, மனசார எத்தன தடவ தொண்டை வரைக்கும் கொண்டுட்டு வந்திருக்காவன்னு போட்டிருக்கோம். அழுதுட்டே கேட்டேன்னு எத்தன பேரு எழுதிருக்காவ தெரியுமா? அது உங்க பேரு சார்!”

“எம் பேரா? எம் பேரு என்னன்னு சொல்லு பாப்போம்.”

ஜெபசிங் வாயைத் திறந்தான். மூடினான். பக்கத்திலிருந்த பிரம்மசக்தியைப் பார்த்தான். பிரம்மசக்தி மைக்கைப் பார்த்தாள். மைக்குக்குப் பார்க்க ஆள் இல்லை.

“மாடசாமி... இல்லயா சார்?”

“குற்றாலிங்கம்ல! எம் பேரு குற்றாலிங்கம்!”

ஸ்டுடியோவுக்கு அடுத்த அறை ஜெனரேட்டர் அறை. மற்ற நாட்களில் அது போடுகிற சத்தத்தில் உள்ளே கொலையே நடந்தாலும் வெளியே தெரியாது. அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போகவில்லை. குற்றாலிங்கம் என்ற பெயர் ஜன்னல் வழியாகக் கேன்டீன் வரைக்கும் போனது. அங்கே வடை தின்றுகொண்டிருந்தவர்கள் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

கத்தியவர் தேர்வுப் பிரிவின் சூப்ரண்டு. வளாகத்தில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. பேராசிரியர்களுக்கும் சூப்ரண்டு, பால்காரருக்கும் சூப்ரண்டு. வீட்டு வாசல் பலகையில்கூடப் பெயர் இல்லை, ‘கண்காணிப்பாளர், தேர்வுப் பிரிவு’ என்று பதவிதான் இருந்தது. பேசினால் மேடைத் தமிழ். ‘அமருங்கள்’, ‘பரிசீலிக்கிறோம்’, ‘ஆவன செய்யப்படும்’. கொசு கடித்தால்கூட இலக்கணத்தோடு சொறிவார் என்று பையன்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து ‘எடுல’ வந்ததை அன்றுதான் உலகம் கேட்டது.

பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம், எதற்கு வம்பு. திருநெல்வேலிக்குப் பக்கத்தில், ஒரு பொத்தைக் குன்றுக்கும் புறவழிச்சாலைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே மாணவர்கள் நடத்தும் பாட்காஸ்ட்டுக்குக் ‘காதுகுத்து’ என்று பெயர். வாரம் ஒன்று வரும். முதல் பாதியில் யாராவது ஓர் ஆராய்ச்சியாளர் வந்து தான் கற்றாழையில் கண்டுபிடித்ததைச் சொல்வார். இரண்டாம் பாதியில் வளாகத்துச் சனங்களில் ஒருவர் தன் கதையைச் சொல்வார். முதல் பாதியை ஆராய்ச்சியாளரின் மனைவி கேட்பாள், அதுவும் பாதி. இரண்டாம் பாதியை எல்லோரும் கேட்பார்கள்.

நடத்துகிறவள் பிரம்மசக்தி. திசையன்விளைப் பெண், இதழியல் முதுகலை படிப்பவள். அவளுடைய திறமை கேள்வி கேட்பதில் இல்லை. எதிராளி பேசி முடித்ததும் ‘ம்’ என்று ஒன்று போட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் எதிராளி அடுத்ததையும் சொல்லிவிடுவார். ஒலிப்பதிவு ஜெபசிங். நாகர்கோவில்காரன், பேச்சு ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறவன். “ஜெபா, வயர மிதிக்காத”, “ஜெபா, டீ ஆறுது” என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அவன் பெயரைச் சொல்வாள் பிரம்மசக்தி. அந்தக் காலத்துப் பெண்களுக்கு இருந்தது போல அவளுக்குப் பெயர் சொல்வதில் தடை ஒன்றுமில்லை. சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் இரண்டு வருடமாகப் பாக்கி நின்றது. அது கேன்டீன்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும், ஜெபசிங்கைத் தவிர.

இந்த வினையெல்லாம் வந்தது அவன் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த பட்டையால்.

“இது என்னதுடே, கன்னுக்குட்டிக்குக் கட்டுத கயிறு மாரி?” என்று கேட்டாள், முதல் நாள்.

“தொண்டைப்பட்டை. புத்துநோய் வந்து குரல்வளைய எடுத்துட்டாவல்லா, அவங்களுக்கு. ஒரு வார்த்தையச் சொல்லணும்னு நெனச்சா, சத்தம் வராட்டியும் தொண்டைச் சதை லேசா அசையும். அத இது புடிச்சு, அவங்க குரல்லயே பேசிரும்.”

“அப்பம் நெனச்சதையெல்லாம் சொல்லிருமா?”

“நெனச்சத இல்ல, பிரம்மு. சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்தத. ரெண்டுக்கும் நடுவுல ரொம்பத் தூரம் இருக்கு.”

“குரல் இருக்கிறவங்க போட்டா?”

“வாயால சொன்னது ஒரு தடத்துல விழும். சொல்ல வந்து முழுங்குனது இன்னொரு தடத்துல விழும். நான் அதுக்கு மிச்சம்னு பேரு வச்சிருக்கேன். எங்க கைடு அத குப்பைங்காரு. வடிகட்டித் தூரப் போடுங்காரு.”

“நீ போடலயா?”

“குப்பையிலதான சொவாரசியமே இருக்கு,” என்று சிரித்தான் ஜெபசிங்.

பட்டைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஜெனரேட்டர் என்ன கத்து கத்தினாலும் அதற்குக் கேட்காது, சதையின் அசைவு மட்டும்தான் கேட்கும். ஆகவே ‘காதுகுத்து’க்கு வந்தவர்கள் கழுத்தில் எல்லாம் அது ஏறியது. “பக்கத்து ரூம் சத்தம் வராம இருக்க” என்று சொல்லிக் கட்டினார்கள். சொன்னது பொய் இல்லை. மிச்சத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. விருந்தாளி போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் மிச்சத்தைப் போட்டுக் கேட்பார்கள். ‘என் சக ஆய்வாளருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்’ என்று தழுதழுத்த ஒரு பேராசிரியரின் மிச்சத்தில் ‘திருட்டுப்பய’ என்று சுத்தமாக விழுந்திருந்தது. ஊர் வம்பில் ருசி உள்ளவர்களுக்கு இதைவிட ஒரு பிரசாதம் உண்டா?

பிரம்மசக்தி மட்டும் ஒருநாளும் அதைக் கட்டிக்கொண்டதில்லை. கழுத்தில் வேர்க்குரு என்பாள். மார்கழியிலும் வேர்க்குரு.

சூப்ரண்டுக்கு அறுபது நெருங்கியது. அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. எதிர்வீட்டு ரோஸ்மேரி, நூலகரின் மனைவி, “அந்த அம்மாவக் கூப்பிட்டுப் பேசச் சொல்லேன், இந்த எடம் உடமுள்ளுக் காடா கெடந்த காலத்துலயே வந்தவங்க” என்று எடுத்துக் கொடுத்தாள். அப்படித்தான் சண்முகக்கனி ஸ்டுடியோவுக்கு வந்தாள். பட்டுச்சேலை, கையில் மோர் நிறைந்த பாட்டில், உட்காரும்போது நாற்காலியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்கிற பழக்கம். மயில் வந்து துணி உலர்த்துகிற கொடியில் உட்கார்ந்ததையும், முதல் பட்டமளிப்பு விழாவில் பந்தல் பறந்ததையும் சொன்னாள். புருசனைப் பற்றி வரும்போதெல்லாம் “எங்க வீட்ல அவிய” என்றாள்.

மிச்சத் தடத்தில் ஒவ்வொரு ‘அவிய’வுக்கும் முன்னால் ஒரு பெயர் இருந்தது. மாடசாமி. அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்திலும் கொஞ்சம் நின்று, இலையில் பாயசம் விடுகிற மாதிரி. மாடசாமி. பிறகு வாயால், ‘அவிய’.

பிரம்மசக்தி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதப் போடாம எதப் போட?” என்றான் ஜெபசிங். “முதல் பாதியில பட்டையப் பத்தி நான் பேசுதேன். ரெண்டாம் பாதியில இது. ஆராய்ச்சியும் கதையும் ஒண்ணா!”

“அவங்கட்டக் கேக்க வேண்டாமா ஜெபா?”

“கேட்டா வெக்கத்துல வேண்டாம்பாவ. போட்டுட்டுச் சொல்லு, சந்தோசப்படுவாவ பாரு.”

அவன் குனிந்து திரையைக் காட்டியபோது தோள் உரசியது. பிரம்மசக்தியின் நியாய புத்தி அந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் வெளியே போயிருந்தது. சரி என்றாள்.

புருசன் பெயர் மாடசாமிதானா என்று எவரும் விசாரிக்கவில்லை. எப்படி விசாரிப்பது? அந்தப் பக்கத்தில் கல்யாணமான ஒரு பெண்ணிடம் போய் ‘உங்க வீட்டுக்காரர் பேரென்ன’ என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்டாலும் சொல்லமாட்டாள், பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் காட்டிச் சொல்லச் சொல்வாள். அப்படி ஒரு பெண் உள்ளுக்குள் ஒரு ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்கிறாள் என்றால் அது வேறு யாருடையதாக இருக்கும்? படித்த பிள்ளைகள் இரண்டும் இப்படித்தான் கணக்குப் போட்டன.

சூப்ரண்டு கத்திவிட்டுப் போனதும் நிகழ்ச்சியை எடுத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டினால் அழுகை நிற்குமா? ஏற்கெனவே போன் போனாகப் போயாகிவிட்டது. புருசன் குற்றாலிங்கம் என்றால் மாடசாமி யார்? மாடசாமி பட்டாளத்துக்காரன் என்றது ஒரு வீடு. தூத்துக்குடி ஹார்பரில் வேலை பார்த்தவன் என்றது இன்னொன்று. ரோஸ்மேரி மட்டும், “பாவம், நமக்கெதுக்கு” என்று சொல்லிக்கொண்டே வீடு வீடாகப் போய் நமக்கெதுக்கு என்று சொன்னாள். வெள்ளிக்கிழமைத் திருவிளக்கு பூஜையில் முதல் விளக்கு சண்முகக்கனியுடையது, எத்தனையோ வருடமாக. அந்த வெள்ளி அந்த இடத்தில் வேறு ஒரு விளக்கு இருந்தது. சண்முகக்கனி பார்த்தாள். தன் விளக்கைக் கடைசியில் வைத்து ஏற்றினாள். முடிந்ததும் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

சூப்ரண்டு விருந்தினர் விடுதிக்குக் குடிபோய்விட்டார். மேடைத் தமிழ் திரும்ப வந்திருந்தது. “நான் எவரையும் குறை கூற விரும்பவில்லை,” என்பார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. பாவம் மனுசன் என்று காலையில் ஒரு வீட்டு இட்லி, மாலையில் ஒரு வீட்டுச் சொதி. துக்கத்தைப் புது வேட்டி போல உடுத்தியிருந்தார். கஞ்சி விறைப்புக் குறையவில்லை.

பிரம்மசக்தி ஒரு மத்தியானம் மன்னிப்புக் கேட்கச் சண்முகக்கனி வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே ஒரு வாடை அவளை நிறுத்தியது. மீன். சூப்ரண்டு வீட்டில் முட்டைகூட ஏறாது என்பது வளாகம் அறிந்த செய்தி.

“உள்ள வாட்டி. ஏன் நாய் மாரி மோந்துட்டு நிக்க?” என்றாள் சண்முகக்கனி. அடுக்களையில் சாளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. “அவிய இல்லல்லா. அதான் வாங்குனேன். எத்தன வருசமாச்சு.”

“ஆன்ட்டி, நான் பண்ணது...”

“சாப்டுட்டுப் பேசு. முள்ளு பாத்து.”

சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

“எளா, நான் அதக் கேக்கவே இல்ல. அத எடுத்துட்டீங்களாமே. ஒன் கையில இருக்கா?”

“இருக்கு ஆன்ட்டி. ஆனா எதுக்கு...”

“போடு.”

பிரம்மசக்தி போனில் போட்டாள். சண்முகக்கனியின் குரலிலேயே, சண்முகக்கனி ஒருநாளும் வாயால் சொல்லாதது, குழம்பு வாடை அடிக்கிற அந்த அடுக்களையில் ஒலித்தது. மாடசாமி. மாடசாமி. கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். முகம் சின்னப்பிள்ளை முகமாகப் போய்விட்டது.

“எம்புட்டு நல்லாருக்கு பாரு, எங் குரல்ல. இன்னொரு தடவ போடு.”

இன்னொரு தடவை போட்டாள். அதன் பிறகு பிரம்மசக்தி தன் வித்தையை, தெரியாமலே, செய்தாள். ‘ம்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள்.

“யாருன்னு கேக்க மாட்டியா? ஊரே கேக்குது.”

“யாரு ஆன்ட்டி?”

“யாரா? எங் கல்யாணப் பத்திரிகையில இருந்த பேருட்டி அது. அவியதான். வேற யாரு?”

பிரம்மசக்தியின் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது.

“நான் கட்டிட்டு வரும்போது அவிய மாடசாமிதான். பி.ஏ. படிச்சிட்டு வேல இல்லாம ஊர்ல இருந்தாவ. டவுன்ல போயி ஒரு படம் பாத்துட்டு வந்தா, வயல் வரப்புல நின்னு முழுப் படத்தையும் நடிச்சுக் காட்டுவாவ. கதாநாயகனும் அவியதான், வில்லனும் அவியதான், அழுத தங்கச்சியும் அவியதான். நாத்து நடுத பொம்பளையெல்லாம் வேலைய விட்டுட்டு நிப்பா. பொறவு வேற ஊர்ல ஒரு காலேசுல தற்காலிக வேல கெடச்சுது. மொத நாள் மேலாளரு பேரக் கேட்டாராம். ஊரக் கேட்டாராம். எந்தத் தெருன்னு கேட்டாராம். தெருவச் சொன்னதுக்குப் பொறவு, மேசையில இருந்த தண்ணிச் செம்ப எடுத்து உள்ள வச்சிட்டாராம்.”

குழம்பை இறக்கி வைத்தாள்.

“அன்னைக்கு ராத்திரி வந்து, பேர மாத்தப் போறேன்னாவ. மாத்தியும் போட்டாவ. இங்க வரும்போது குற்றாலிங்கம். குற்றாலத்துப் பக்கம் பெரிய குடும்பம்னு ஒரு கத. மீனு போச்சு. ஊர்ப் பேச்சு போச்சு. ஒரு தடவ அவிய அம்மா கருவாட்டு மூட்டயத் தூக்கிட்டு இங்க வந்தா. இது யாருன்னு ரோஸ்மேரி கேட்டா. எங்க வயல் பாக்குத அம்மான்னுட்டாவ அவிய. கெழவி ஒரு வாய் தண்ணி குடிக்கல. அடுத்த பஸ்ல போயிட்டா. அதுக்குப் பொறவு வரவே இல்ல, செத்தும் போயிட்டா. குற்றாலிங்கம் நல்ல மனுசன்தாம்டி. ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா நான் கழுத்த நீட்டுனது மாடசாமிக்குல்லா?”

“அப்பம் நான் இப்பமே போயி எல்லார்ட்டயும் சொல்லிருதேன் ஆன்ட்டி! ஒரு நிகழ்ச்சி போட்டா போதும், இந்த வாயெல்லாம் அடஞ்சிரும்.”

“சொன்னே, கொன்னுருவேன்.” கரண்டி உயர்ந்தது. “நீ எதுக்குச் சொல்லணும்? எனக்காவ அவிய சொல்லட்டும். அது நான்தான்னு ஒரு வார்த்த. ஊரு பேசுதது எனக்கு வலிக்கலட்டி. அதக் கேட்டுட்டு அவிய சும்மா இருக்காவல்லா, அதான். பொண்டாட்டிக்கு ஒருத்தன் இருந்தான்னு ஊரு சிரிச்சாலும் பரவாயில்ல, தான் மாடசாமின்னு தெரியக்கூடாதுன்னு இருக்காவ பாரு.” கரண்டியைக் கீழே வைத்தாள். “அறுபதாம் கல்யாணத்துக்குள்ள சொல்லிருவாவ. சொல்லுவாவ.”

சொன்னாரா? சூப்ரண்டு ஸ்டுடியோவுக்குத்தான் வந்தார். மறுப்பு பதிவு செய்ய வேண்டுமாம். அன்று கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் பேய் பிடித்தது போல ஆடிக்கொண்டிருந்தது.

“அந்தப் பட்டையைக் கட்டு,” என்றார் பிரம்மசக்தியிடம்.

இந்தத் தடவை அவள் தவறவில்லை. “சார், இது நீங்க சொல்லாம முழுங்குததையும் புடிக்கும். வேணாம்னா கரண்ட் வந்ததும் மைக்லயே பதிவு பண்ணலாம்.”

“என்னிடம் விழுங்குவதற்கு எதுவும் இல்லை. அவளுடைய பேச்சை உண்மை என்று ஊருக்குக் காட்டியது இதே கருவிதானே? என்னுடையதையும் காட்டட்டும்.”

கட்டினாள். கழுத்துச் சதை அவள் விரலுக்குக் கீழே துடித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதி மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார்.

“மாடசாமி என்பவர் யார் என்பதை நான் அறியேன். அறிய விரும்பவும் இல்லை. நற்குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில், என் மனைவியை மன்னித்துவிட்டேன். இத்துடன் இவ்விவகாரம் முடிவடைகிறது.”

பிரம்மசக்தியின் ஹெட்போனில் இரண்டு தடங்களும் ஓடின. வலது காதில் மேடைத் தமிழ். இடது காதில், அதே குரலில், வேறு ஒரு ஆள். ‘அறியேன்’ என்றதற்குப் பின்னால், ‘நான்தாம்ட்டி’. ‘நற்குடும்பத்தில்’ என்றபோது, ‘எம்மா’. ‘மன்னித்துவிட்டேன்’ முடிந்து அவர் தண்ணீரை எடுத்துக் குடிக்கிற வரைக்கும், ‘கனி, நான்தாம்ட்டி, நான்தாம்ட்டி’ என்று விடாமல்.

ஜெபசிங் அவளை இழுத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனான். கண் மின்னியது.

“கேட்டியா? கேட்டியா? ஆளு மாட்டிட்டான்! இதப் போட்டா அந்த அம்மா மேல விழுந்த பழி ஒரே நாள்ல போயிரும். பட்டைக்கும் இதவிடச் சாட்சி வேணுமா?”

“அவங்க கேட்டது இது இல்ல ஜெபா. அவரா சொல்லணும்னாவ.”

“அவருதான சொல்லுதாரு! அவரு தொண்டதான சொல்லுது!”

“தொண்ட சொல்லுது. அவரு இன்னும் சொல்லல.”

அவனுக்கு அது விளங்கவில்லை. பிரம்மசக்தி உள்ளே போனாள். கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சூப்ரண்டிடம் ஹெட்போனைக் கொடுத்தாள். அவர் காதில் வைத்தார். முதலில் தலையை ஆட்டினார், தன் உச்சரிப்பில் திருப்தியாக. பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். இடது கையால் இடது காதை மூடிக்கொண்டார், அது உள்ளே இருந்து கேட்கிறது என்பது மறந்து.

“யாருக்கெல்லாம் தெரியும்?” குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. பட்டை இன்னும் கழுத்தில் இருந்ததால் ஸ்பீக்கர் அதைச் சத்தமாகச் சொன்னது.

“எங்க ரெண்டு பேருக்கும். ஆன்ட்டிக்கு நீங்க கட்டிட்டு வந்த நாள்லேர்ந்து தெரியும்.”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம், “அழிச்சிரும்மா,” என்றார். அது மேடைத் தமிழ் இல்லை.

“அழிக்கேன் சார். ரெண்டயும் அழிப்பேன். மன்னிச்சேன்னு சொன்னீங்கல்லா, அதையும்.”

அவள் அவர் கண் முன்னாலேயே அழித்தாள். சூப்ரண்டு எழுந்து பட்டையோடேயே வாசல் வரை போனார். ஜெபசிங் ஓடிப்போய்க் கழற்றிக்கொண்டு வந்தான். வந்ததும் ஆரம்பித்தான்.

“ஒனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? ஒரு பொம்பள மானத்தக் காப்பாத்துத சாட்சி. ரெண்டு வருச ஆராய்ச்சி. ஒரு பட்டன்ல போச்சு!”

“ஒரு தடவ கேக்காம போட்டோம். பட்டதெல்லாம் பத்தாதா?”

“பெரிய நியாயஸ்தி. அப்பம் ஒண்ணு கேக்கேன். நீ ஏன் ஒரு நாளும் இதக் கழுத்துல போட்டதில்ல? வேர்க்குருன்னு மட்டும் சொல்லாத.”

பிரம்மசக்தி அவனைப் பார்த்தாள். “எனக்கும் முழுங்க ஒண்ணு இருக்கு. அதான்.”

“என்னது?”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் அடங்கியது. வளாகமே அமைதியாகி, அவள் என்ன சொன்னாலும் கேன்டீன் வரைக்கும் கேட்கும் என்று ஆயிற்று.

“ஒண்ணுமில்ல. வயர மிதிக்காத.”

அவள் தொண்டை அசைந்ததைக் கேன்டீன்காரர் பார்த்திருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்பார். தொண்டையைப் படிப்பதிலேயே டாக்டர் பட்டம் வாங்கப்போகிறவனுக்குப் பட்டை இல்லாமல் காது கேட்கவில்லை. “ஒன்னயப் புரிஞ்சிக்கவே முடியல,” என்று சொல்லிவிட்டு வயர்களைச் சுருட்டினான்.

அறுபதாம் கல்யாண நாள் வந்தது. மண்டபத்தில் வேறு யாரோ காதுகுத்து வைத்துக்கொண்டார்கள், நிஜமான காதுகுத்து. சூப்ரண்டு விடுதியை விட்டு வெளியே வரவில்லை. சண்முகக்கனி காலையிலேயே குளித்து, பட்டுச்சேலை உடுத்தி, முன்வாசல் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் கதவைச் சாத்தினாள். பிறகு ஒரு பையோடு வெளியே வந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனவள் பிரம்மசக்திதான்.

“மக வீட்டுக்குப் போறேன், ஓசூருக்கு. குளிரும்னு சொல்லுதாவ.”

“சார் ஒருவேள நாளைக்கு...”

“பஸ் வந்துட்டு பாரு.” படியில் ஏறி நின்று திரும்பினாள். “நீயாவது சட்டுப்புட்டுனு வாயத் திறந்து சொல்லிருட்டி, யாருட்டயோ தெரியல. ஒன் மொகத்தப் பாத்தா எனக்குப் பட்டை வேண்டாம்.”

பிரம்மசக்தி சொல்லவில்லை. சொல்லுகிறவளாக இருந்தால் இந்தக் கதை எதற்கு.

ஜெபசிங் மறுவருடம் டாக்டர் ஆனான். அவன் பட்டை இப்போது மருத்துவமனைகளில் இருக்கிறது, குரல் போனவர்கள் அதைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுகிறார்கள், பேரப்பிள்ளையைத் திட்டுகிறார்கள். நாக்கை மேலண்ணத்தில் ஒரு தடவை அழுத்தினால்தான் அது பேசும். சொல்ல மனமில்லாததை விட்டுவிடும். அந்த வடிகட்டியை எழுதியவன் ஜெபசிங்தான், யாரும் சொல்லாமலே. நாகர்கோவிலில் ஒரு வங்கி அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பிரம்மசக்தி போனாள். மேடை ஏறி, “நல்லாரு ஜெபா” என்றாள். புகைப்படத்தில் கழுத்து நிறையக் கவரிங் நகை போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் இப்போது சென்னையில் ஒலிப்புத்தக நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வரன் பார்க்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சூப்ரண்டு ஓய்வு பெற்றதும் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். திருநெல்வேலியில் வாங்கிப் போட்டிருந்த ஃப்ளாட்டுக்குத்தான் போகிறார் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க நம்பியது. டெம்போ ஓட்டிப் போன சுடலைமுத்து திரும்பி வந்து டீக்கடையில் சொன்னபிறகுதான் சங்கதி தெரிந்தது. கடையநல்லூருக்கும் அங்கிட்டு ஏதோ ஒரு ஊராம். முன்சீட்டில் சூப்ரண்டு இருந்தாராம். ஊர் எல்லை வந்ததும், வீட்டுக்கு எப்படிப் போகணும் என்று சுடலைமுத்து கேட்டிருக்கிறான். முப்பது வருடமாக வராதவருக்கு வழி மறந்திருந்ததோ, வேறு என்னவோ. “உள்ள போயி, மாடசாமி வீடு எதுன்னு கேளு. காட்டுவாவ,” என்றாராம்.

“கேட்டேன்,” என்றான் சுடலைமுத்து. “ஒரு கெழவரு டெம்போவுக்குள்ள எட்டிப் பாத்தாரு. ‘ஏல மாடசாமி, ஒங்க அம்ம இருக்கும்போது வரக்கூடாதால’ன்னாரு. நம்ம சார் எறங்கி, ரோட்டுல நின்னு அழுதாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அவரு பேரு வேறல்லா?”

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிந்தது. புரிந்ததும் ஆளாளுக்கு டீயைப் பார்த்தார்கள். ரோஸ்மேரி அன்றைக்கே ஓசூருக்குப் போன் போட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் போட்டாள் என்று அவள் சொல்கிறாள், நாம் நம்புவோம். சங்கதி முழுவதையும் கேட்டுவிட்டு மறுமுனையில் சண்முகக்கனி, “அங்கன தண்ணிக் கொழாய் போட்டுட்டாவளாமா? முன்ன கெணறுதான்,” என்று மட்டும் கேட்டாள்.

பொங்கல் கழிந்து ரோஸ்மேரி மறுபடி கூப்பிட்டபோது மகள்தான் எடுத்தாள்.

“அம்மா இல்லயே ஆன்ட்டி. அப்பாவோட ஊருக்குப் போயிட்டாங்க.”

“எந்த ஊரும்மா அது?”

“இருங்க, எழுதி வச்சிருக்கேன்,” என்றாள் மகள். “அப்பாவுக்கு அப்படி ஒரு ஊரு இருக்குன்னே எங்கிட்ட அம்மா பஸ் ஏறும்போதுதான் சொன்னாங்க.”